பலகையில் எழுதாத நேரம்

மார்ச் 4

வாத்தியாரம்மாவுக்கு,

சுகமா என்று கேட்டால் பதில் வராது என்பதால் கேட்கவில்லை. நான் சுகம்.

கீசர் இருக்கும் இடத்தில் உனக்கு வேலை கிடைத்திருப்பதாக அக்கா சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாகக் கீசர் பழுது பார்க்கிற புருஷனை விட்டுவிட்டுப் போய், அங்கேயும் கீசர்தானா? எத்தனை லிட்டர், எந்தக் கம்பெனி என்று எழுது. இத்துடன் ஒரு சேஃப்டி வால்வு அனுப்பியிருக்கிறேன். மலைத் தண்ணீரில் உப்பு அதிகம், வால்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் டாங்க் வெடிக்கும்.

நீ கிளம்பிய அன்று நான் பேசியதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வால்வைப் பற்றி எழுதி முடித்திருக்கிறேன்.

நவம்பரில் உன் ஒரு வருட ஒப்பந்தம் முடிகிறதாம். முடிந்ததும் வீட்டுக்கு வருகிறாயா?

மெக்கானிக்


மார்ச் 19

மெக்கானிக்குக்கு,

வால்வு வந்தது. மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது. பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகும் வாத்தியாரம்மா என்கிறீர்கள், ஆகவே பாடம் எடுக்கிறேன்.

இங்கே இருப்பது டாங்க் இல்லை, தரையில் ஒரு துளை. இதற்கும் பெயர் கீசர்தான். இதன் பெயரைத்தான் உங்கள் குளியலறைப் பெட்டிக்கு வைத்தார்கள். அடியில் சூடான பாறை, அதன்மேல் நீர், நீர் மேலே வர ஓர் ஒடுங்கிய வழி. மூன்றும் வேண்டும். வழி அகலமாக இருந்தால் அது சும்மா ஒரு குளமாகக் கொதித்துக்கொண்டிருக்கும், வேடிக்கை பார்க்க யாரும் வரமாட்டார்கள். ஒடுங்கியிருப்பதால் மேலே நிற்கும் நீரின் பாரம் கீழே உள்ள நீரை அழுத்துகிறது. நூறு டிகிரியைத் தாண்டியும் அது கொதிப்பதில்லை. சத்தமே இல்லாமல் சூடேறிக்கொண்டிருக்கும். கடைசியில் சில குமிழிகள் மேலேறி, வாயருகே இரண்டு வாளித் தண்ணீரை வெளியே தள்ளும். அவ்வளவு பாரம் குறைந்தால் போதும். கீழே அடங்கியிருந்த நீர் சட்டென்று ஆவியாகி, மேலே உள்ளதையும் சேர்த்துக்கொண்டு பத்து ஆள் உயரம் எழும்பும்.

அது பொங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்தது எப்போது என்று கணக்கிட்டு, பார்வையாளர் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் எழுதுவது என் வேலை.

அன்று நான் கீசரை அணைக்க மறந்து படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்த சுவிட்சில் தொடங்கி என் சமையல், என் புத்தகங்கள், என் அப்பா வீடு வரை போனீர்கள். கல்யாணமான நான்கு வருடத்தில் அதற்கு முன் நீங்கள் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தியதில்லை. நான் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. பெட்டியை எடுத்தேன்.

நவம்பரைப் பற்றி இப்போது சொல்லத் தெரியவில்லை.

வாத்தியாரம்மா


ஜூலை 8

வாத்தியாரம்மாவுக்கு,

நேற்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். "போன மாசம்தான் மாட்டினீங்க, சொட்டு சொட்டுனு ஒழுகுது. நானே ஒரு குச்சியச் செருகி நிறுத்திட்டேன்" என்றார் அந்த அம்மா, பெருமையாக. ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

"அது ஒழுகலம்மா. வால்வு வேலை செய்யுது. சொட்டலைன்னாதான் பயப்படணும்."

"அப்ப தினமும் சொட்டுமா?"

"கீழே ஒரு வாளி வச்சுக்கோங்க."

திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நாலு வருடம் சொட்டாமல் இருந்தவன் நான், உனக்குப் புரியும்.

அக்கா விடுவதாக இல்லை. "வருவாளா மாட்டாளா? ஒரே வார்த்தைல கேளுடா. வால்வு, வாளின்னு ஊர்க்கதை எழுதிட்டு இருக்காத."

கேட்கிறேன். இன்னும் எவ்வளவு நாள்?

மெக்கானிக்


ஆகஸ்ட் 2

மெக்கானிக்குக்கு,

இங்கே வருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். நேற்று ஒருவர், "ஏம்மா, இதுக்கு சுவிட்ச் எங்க இருக்கு? சீக்கிரம் போட்டு விடுங்களேன், எங்களுக்கு பஸ் இருக்கு" என்றார். சுவிட்ச் இல்லை என்றதும் என்னை நம்பாமல் வேலியைச் சுற்றி வந்து பார்த்தார்.

கணக்கு எளிது. சின்னதாகப் பொங்கினால் அடியில் நீர் மிச்சமிருக்கும். ஒரு மணி நேரத்தில் மறுபடி வரும். நீளமாகப் பொங்கினால் பெரும்பாலும் காலியாகிவிடும். புது நீர் ஊறி நிறைந்து, சூடேற ஒன்றரை மணி நேரம் ஆகும். எத்தனை பேர் காத்திருந்தாலும் அதுதான்.

உங்களுடையது நீளமானது.

இன்னொரு வருடம் இருக்கிறாயா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். அக்டோபர் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

வாத்தியாரம்மா


அக்டோபர் 25

மெக்கானிக்குக்கு,

பன்னிரண்டாம் தேதி காலை 9.40க்கு நீங்கள் வந்ததைப் பார்த்தேன். நான் மேலே அலுவலக ஜன்னலருகே இருந்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். பலகையைப் பார்த்தீர்கள். அதில் ஒன்றும் இல்லை. கைக்கடிகாரத்தை ஏழு முறை பார்த்தீர்கள். 10.50 பஸ்ஸுக்கு எழுந்து போனீர்கள். 10.58க்குப் பொங்கியது.

முந்தையது 9.25க்கு, நீளமாகப் பொங்கியிருந்தது. ஆகவே அடுத்தது பதினொரு மணியை ஒட்டி வரும் என்று எனக்குத் தெரியும். மறந்து போய் எழுதாமல் விடவில்லை. நேரம் தெரியாமலே காத்திருக்கிறீர்களா என்று பார்க்க நினைத்தேன். ஐம்பத்திரண்டு படி இறங்கி வந்து ஓர் எண்ணை எழுதியிருக்கலாம். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்று வீட்டில் வாய் திறக்காமல் நின்றபோதும் நான் செய்தது இதுதான்.

இப்போது எழுதுகிறேன். இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த நவம்பரில் வரமாட்டேன். அடுத்த நவம்பர் முப்பது. கொஞ்சம் முன்பின் ஆகலாம். இருப்பதும் எழுந்து போவதும் உங்கள் விருப்பம். நேரம் தெரியாமல் போனதாக இருக்கக் கூடாது.

வாத்தியாரம்மா


நவம்பர் 3

வாத்தியாரம்மாவுக்கு,

கையெழுத்துப் போட்ட பிறகு சொல்கிறாய், எனக்குக் கோபம் வருகிறது. நான் அங்கே தனியாக உட்கார்ந்திருக்க, ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாய், அதில் இன்னும் கோபம்.

இதை எழுதிவிட்டுப் போய் டீ குடித்தேன். திரும்பி வந்து படித்தேன். மேற்கொண்டு எழுத ஒன்றும் வரவில்லை. என் கோபம் மொத்தம் நாலு வரிகூட இல்லை.

சின்னதாகப் பொங்கினால் சீக்கிரம் என்று எழுதியது நீதான். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பலகையில் எழுதி வை.

மெக்கானிக்