ஆஸ்பத்திரி சீன் இல்லாத படம்

6 ஆகஸ்ட் 1989, ஞாயிறு

சிரிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். இன்று சிரித்துவிட்டேன்.

டி.வி.யில் சாயந்திரப் படம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை நாற்காலியோடு விழுகிறான். எத்தனையோ தடவை பார்த்த சங்கதிதான், ஆனாலும் வந்துவிட்டது. அடிவயிற்றை யாரோ சுண்டி இழுத்த மாதிரி வலி. தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கிடந்தேன். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் தலையணைதான் துணை. கர்ப்பப்பையை எடுத்த பிறகு பெண்களுக்கு இப்படி ஒரு சட்டம்.

காலையில் தழும்பைக் கண்ணாடியில் பார்த்தேன். ஃபாக்டரியில் பட்டாளத்துக்கு யூனிபார்ம் தைக்கிறவள் நான். இந்தத் தையலைக் கொண்டுபோய் வைத்தால் எங்கள் சூப்பர்வைசர் பிரித்துவிட்டு மறுபடி தை என்பார்.

மகள் பத்மா ஒரு வாரம் இருந்து சமைத்துப் போட்டுவிட்டு நேற்றுத்தான் நசரத்பேட்டைக்கு, புருஷன் வீட்டுக்குப் போனாள். வீடு ஓவென்று இருக்கிறது.

8 ஆகஸ்ட், செவ்வாய்

மனோகரன் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து வந்துவிட்டார். (நேரில் புருஷன் பெயரைச் சொல்ல வாய் வருவதில்லை. எழுதும்போது நன்றாக வருகிறது.) மார்க்கெட் பக்கம் வீடியோ கடை வைத்திருக்கும் சுலைமான் இவருக்கு ரொம்ப வேண்டியவர். நான் எழுந்து நடமாடும்வரை டெக் நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கொடுத்திருக்கிறார்.

"இன்னா படம் ஓணும் சொல்லு. நீ சொல்றதுதான்" என்றார் இவர்.

கல்யாணத்துக்கு முன் அப்பா சாமி படத்துக்கு மட்டும்தான் கூட்டிப் போவார். பிறகு இவருடைய சண்டைப் படம். பிறகு பத்மா அழுது அடம்பிடித்த படம். எனக்கு என்ன படம் பிடிக்கும்? நாற்பத்திரண்டு வயதில் இதைக் கேட்டால் என்ன சொல்வது? யோசித்துப் பார்த்தேன், நிஜமாகவே தெரியவில்லை. கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

"சிரிப்பு வராத படமா கொண்டாங்க" என்றேன், இப்போதைக்கு.

9 ஆகஸ்ட், புதன்

டெக் வந்த சேதி எங்கள் லைன் வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். அடுத்த வீட்டுத் தாயம்மா டி.வி.க்கு நேர் எதிரே. நோயாளி நான், எனக்குக் கிடைத்தது கட்டிலின் ஓரம்.

அண்ணன் தங்கை படம். தங்கைக்கு அடிக்கடி இருமல். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடிகிற நேரத்தில் மனோகரன் எழுந்து போய் டெக்கை நிறுத்தினார். டேப் சிக்கிக்கொண்டதாம், விட்டால் அறுந்துவிடுமாம். எல்லாரும் உச்சுக்கொட்டிக்கொண்டே பாயைச் சுருட்டினார்கள்.

தங்கை என்ன ஆனாள்?

10 ஆகஸ்ட், வியாழன்

தாயம்மா முருங்கைக்கீரை சூப்போடு வந்தாள். நான் கேட்கவே இல்லை.

"அந்தத் தங்கச்சி செத்துடுவாக்கா. இருமி இருமி ரத்தம் வரும். ஆஸ்பத்திரில அண்ணங்காரன் அவ கைய புட்ச்சிகினு ஒரு பாட்டு. நானு அம்பத்தூர் கொட்டாயில நாலு தபா பாத்துக்கீறேன்."

டெக்கில் டேப் சிக்கினால் படம் கோடு கோடாக ஓடும். நேற்று அப்படி ஒன்றும் ஓடவில்லையே?

12 ஆகஸ்ட், சனி

இன்றைய படத்தில் பாதியில் பத்து நிமிஷத்தை வேகமாக ஓட்டிவிட்டார். "பாட்டு போரு" என்றார். பாட்டைத் தள்ளுகிற ஆளா இவர்? பழைய பாட்டு கேட்டால் பல் விளக்குவதைக்கூட நிறுத்திவிட்டு நிற்பார்.

தாயம்மா என் காதில், "அது பாட்டு இல்லக்கா. கதாநாயகனோட அம்மாவ ஆப்பரேசன் தேட்டருக்குத் தள்ளிகினு போற சீனு" என்றாள்.

பாவம் மனோகரன். ஒரு படத்தில் ஒரு துண்டை மறைப்பது என்றால் வேறு ஊரில் குடியிருக்க வேண்டும். இந்த லைனில் ஒவ்வொருத்தியும் ஒரு சினிமாக் கொட்டகை.

14 ஆகஸ்ட், திங்கள்

இவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சுலைமான் டெக்கின் ஹெட்டைத் துடைத்துக் கொடுக்க வந்தார். என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

"படம்லாம் எப்டி கீது அண்ணி?"

"எல்லாப் படத்துலயும் ஒரு துண்டு காணோம் சுலைமான். ஒங்க கேசட்டா, எங்க வீட்டுக்காரரா?"

மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு சொல்லிவிட்டார்.

"அண்ணாத்தே வந்து, ஆஸ்பத்திரி சீன் இருக்கக் கூடாது, டாக்டர் வரக் கூடாது, யாரும் சீக்கு வந்து சாவக் கூடாது, அப்டி ஒரு படம் குடுன்னாரு. தமிள்ல அப்டி ஒரு படம் இருந்தா நானே பாத்துக்குவேன் அண்ணாத்தேன்னேன். அப்டின்னா எந்த எடத்துல வருதுன்னு சொல்லு, நான் ஓட்டிக்கிறேன்னாரு. கடையில ஒக்காந்து ஒவ்வொரு கேசட்டா போட்டுப் பாத்துத்தான் எடுத்துகினு வர்றாரு அண்ணி. நீங்க பயப்படுவீங்கன்னு நெனச்சிருப்பாரு. வேற ஒண்ணியும் இல்ல."

வேற ஒண்ணியும் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

15 ஆகஸ்ட், செவ்வாய்

கொடியேற்றத்துக்குப் போய் வந்து எனக்கு மிட்டாய் கொடுத்தார். நாள் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் செய்த பிறகு, எடுத்த சதையை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று நர்ஸ் சொன்னாள். தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "எல்லாம் நார்மல்தான்" என்றார். அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பால் கூட வைத்திருக்கவில்லை அடுப்பில்.

நான் பயந்த சுபாவம் என்று யார் சொன்னது? பாம்பு வந்தால் இவர் கட்டிலில் ஏறுவார், நான்தான் கம்பு எடுப்பேன். அப்படியிருக்க, எனக்குப் பயம் வரக் கூடாது என்று இவர் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் மறுபடி நார்மல் என்பார். அப்புறம் நான் என்ன செய்வேன்?

17 ஆகஸ்ட், வியாழன்

தாயம்மாவைச் சுலைமான் கடைக்கு அனுப்பினேன். என்ன படம் என்று கேட்டாள். சொன்னேன்: டாக்டர் கண்ணாடியைக் கழட்டிவிட்டுப் புருஷனிடம் பேசுகிற படம்.

"அதுல நெறையா கீதே" என்றாள்.

"எல்லாத்துலயும் மோசமானது எதுன்னு கேட்டு வாங்கியா."

முதல் முறையாக நானே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதுவும் இப்படி.

19 ஆகஸ்ட், சனி

அரை நாள் வேலை முடிந்து மத்தியானம் வந்தார். சாப்பிட வைத்தேன். கதவைச் சாத்திவிட்டுப் படத்தைப் போட்டேன்.

"லைன்ல ஒருத்தரையும் கூப்டலியா? இன்னா படம்?"

"உக்காருங்க. தெரியும்."

டீச்சர் வேலை பார்க்கிற கதாநாயகி. கரும்பலகையில் எழுதிக்கொண்டே மயங்கி விழுகிறாள். ஆஸ்பத்திரி வராந்தா வந்ததும் இவர் எழுந்து டெக்கின் மேல் கை வைத்தார்.

"கைய எடுங்க."

"போரு சுசீலா."

"இருக்கட்டும். அந்த டாக்டர் புருஷன்கிட்ட இன்னா சொல்றாருன்னு நான் கேக்கணும்."

கையை எடுத்துவிட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழட்டினார், சொன்னார். புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து அவளிடம், எல்லாம் நார்மல், சத்து இல்லாததுதான் என்றான்.

"ஒங்க டாக்டர் கண்ணாடியக் கழட்னாரா?" என்றேன்.

"அவுருக்குக் கண்ணாடி இல்ல" என்றார். அவ்வளவுதான், உடைந்துவிட்டார். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமியார் செத்த அன்று ஒரு தடவை பார்த்தேன், அப்புறம் இன்று.

"கேன்சர்னாரு. அந்த சதையில இருந்துச்சாம். எடுத்தது எடுத்தாச்சு, ஆனாலும் கரண்ட் வெக்கணும்னாரு. ஊட்ல மெதுவா சொல்லுங்கன்னாரு. நானும் மெதுவாத்தான்… நீ நல்லா எந்திரிச்சி ஒக்காரட்டும், சொல்லிக்கலாம்னு…"

எனக்குக் கோபம் வந்தது. பயத்துக்கு முன்னாலேயே கோபம்தான் வந்தது. என் வயிறு. என் சதை. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொறவு எனக்குச் சொல்வீங்களா, நான் இன்னா சினிமாக்காரியா? கத்திவிட்டேன். வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டே கத்தினேன். ஊருக்குத் தெரியாது, பத்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை என்றார். இத்தனை நாளாக ஒற்றை ஆளாக இதைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறார். அதை நினைத்தபோது கோபம் இறங்கிவிட்டது. இறங்காமல் இருந்திருந்தால் தேவலை.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. இருவரும் கடைசிவரை பார்த்தோம். அவள் புருஷன் மடியில் செத்துப்போனாள், நீளமான பாட்டு ஒன்று பாடிவிட்டு. எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. அவள் சாகிறவரை யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டகையில் டிக்கெட் வாங்கினவன் அத்தனை பேருக்கும் தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியாது.

20 ஆகஸ்ட், ஞாயிறு

பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

23 ஆகஸ்ட், புதன்

டாக்டரிடம் போனோம். வாடகைக் கார், மெத்தென்று தலையணை எல்லாம் இவர் ஏற்பாடு.

டாக்டர் இவரைப் பார்த்தே பேசிக்கொண்டு போனார். "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று என்னைப் பற்றி இவரிடமே கேட்கிறார், நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

"டாக்டர், நான்தான் அது. எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

கொஞ்சம் தடுமாறினார். பிறகு என் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார். எங்கே இருந்தது, எவ்வளவு எடுத்தார்கள், மிச்சம் மீதி இருந்தால் அதற்காகத்தான் கரண்ட் என்று. கரண்ட் என்றால் ஷாக் அடிக்குமா என்று கேட்டேன். அடிக்காது, வெளிச்சம் மாதிரி ஒரு கதிர், கண்ணுக்குத் தெரியாது என்றார். முடி கொட்டுமா? வயிற்றில்தானே வைக்கிறோம், தலைமுடிக்கு ஒன்றும் ஆகாது. வேலைக்குப் போகலாமா? முடிந்த பிறகு. பிழைப்பேனா? சீக்கிரம் கண்டுபிடித்தோம், நல்ல வாய்ப்பு இருக்கிறது, கேரண்டி மட்டும் கேட்காதீர்கள் என்றார். கேட்கவில்லை. ஆனால் வாய்ப்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் இவரிடம் சத்தியம் வாங்கினேன். இனிமேல் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதையும் மறைக்கக் கூடாது. சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், நடுரோட்டில்.

2 செப்டம்பர், சனி

எனக்கு என்ன படம் பிடிக்கும் என்று ஓரளவு தெரிந்துவிட்டது. திருட்டுப் போன பொருளைத் தேடுகிற படம். யார் எடுத்தது என்று கடைசிவரை சொல்லக் கூடாது. தாயம்மா வாயைப் பொத்த முடியாததால் அவள் பார்க்காத மலையாளப் படம் ஒன்று சுலைமான் தேடிக் கொடுத்தார். பாஷை பாதி புரியவில்லை. திருடனை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். மனோகரன் சமையல்காரன் மேல் பழி போட்டார்.

15 செப்டம்பர், வெள்ளி

கரண்ட் வைக்க ஆரம்பித்து முதல் வாரம் முடிந்தது. ஆவடியிலிருந்து மின்சார ரயில், அப்புறம் பஸ். வலி இல்லை. வயிற்றில் மையால் கோடு போட்டிருக்கிறார்கள், அழியக் கூடாதாம்.

இன்று வரிசையில் என் பக்கத்தில் குத்தம்பாக்கத்து அம்மா ஒருவர். பெயர் வேம்புலியம்மாள். பின்னால் அவருடைய மகன், முப்பது வயசு இருக்கும், பிளாஸ்டிக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒனுக்கு எதுக்கும்மா கரண்ட் வெக்கிறாங்கோ?" என்று கேட்டார்.

அவர் தலைக்கு மேலே மகன் என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். ஆனால் அந்தம்மா கேட்டது என்னைப் பற்றித்தானே? என்னைப் பற்றி நான் பொய் சொல்லப் போவதில்லை.

"எனக்கு வயித்துல கேன்சரும்மா" என்றேன்.

மகன் முகம் செத்துவிட்டது. தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று கூஜாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தப்பு செய்துவிட்டோமோ என்று நினைத்தேன். அந்தம்மா அவன் தூரமாகப் போகிறவரை பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"எனுக்கும் அதான். வாசல்ல இம்மாம் பெரிய போர்டு வெச்சிக்கீறான், பட்ச்சவங்களக் கேக்க மாட்டனா? அவன் வாதம்னு சொல்லித்தான் இட்டாந்துகீறான். நானும் வாதம் வாதம்னு சொல்லிகினு கீறேன். அவன் மனசு தாங்காதும்மா. யார்கிட்டயும் சொல்லிடாத, அவன் காதுல உளுந்துடும்."

மனோகரன் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். மகனும் கூஜாவோடு திரும்பி வந்து பக்கத்தில் நின்றான்.

"அந்தம்மா இன்னா கேட்டுச்சி ஒன்ன?" என்றார் இவர்.

"பூந்தமல்லிக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டாங்க" என்றேன்.

இவருக்குத்தான் பஸ் ரூட் என்றால் உயிராயிற்றே. உடனே அந்த மகனைத் தோளில் தட்டி, எங்கே ஏற வேண்டும், எந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். வேம்புலியம்மாள் ஒன்றுமே தெரியாதவர் மாதிரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.