வளையாத முதுகு

சௌபாக்கியவதி சம்பங்கிக்கு, மைசூர் மைன்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து உன் புருஷன் முனிரத்தினம் எழுதுவது. நான் சுகம். நீயும் குழந்தை குப்பம்மாளும் நன்றாக இருக்க முருகன் துணை.

பாறை விழுந்த முதுகைப் பற்றிக் கேட்டிருந்தாய். எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். வலிதான் விடவில்லை. உட்கார்ந்தால் அதிகமாகிறது, அதனால் ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து நின்றபடியே எழுதுகிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. சுரங்கத்துத் துரை எங்களைப் பார்க்க வந்தார். எல்லோரும் குனிந்து கும்பிட்டார்கள். நான் மாவுக்கட்டோடு கம்பம் மாதிரி நின்றேன்.

"இன்னாடா, தொரைக்குக் குனிய மாட்டியா?" என்று கூட வந்த மேஸ்திரி அதட்டினார்.

"இந்தக் கட்ட அவுத்து வுடுங்க மேஸ்திரி, கால்லயே வுழறேன்" என்றேன்.

துரைகூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்; அந்த வலி இன்னும் அடங்கவில்லை.

கட்டைப் பிரித்தாலும் முதுகு இனி வளையாதாம். வளையாவிட்டால் என்ன, நடக்கிறேனே. உன் அண்ணனிடம் சொல்லி நம் வாசல் நிலையை ஒரு முழம் உயர்த்தி வைக்கச் சொல். யாராவது கேட்டால், காற்றுக்காக என்று சொல். கட்டு உரசுகிற இடத்தில் வைக்கப் பழஞ்சேலை ஒன்று அனுப்பு. உன்னுடையதாக இருக்கட்டும், துவைக்க வேண்டாம்.

தபால்காரர் வந்துவிட்டார். நான் வருகிற அன்று குப்பம்மாள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். அதற்கு முன்பே அவளை உரல்மேல் ஏற்றி நிறுத்திவிடு.