மரியாதைக்காக ஒத்திவைத்த கூட்டம்

ஒக்ரோபர் 9

தம்பி குஞ்சு, இன்றைக்கு உன்ர பிரதேச சபைக்குப் போனேன். உன்ர முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு வெளியே வெளிக்கிட்டது இதுதான் முதல் தரம். உறுப்பினராய் நீ கொண்டுவந்த கழிவுநீர்க் குழாய்த் திட்டத்தை இன்றைக்கு எடுப்பார்கள் என்று தவிசாளர் சொல்லியிருந்தார்.

எடுக்கவில்லை. முதலில் உனக்கு அனுதாபத் தீர்மானம். ஒவ்வொருவராய் எழும்பி உன்னைப் புகழ்ந்தார்கள். நீ இருக்கும்வரை, "சில்வெஸ்ரர் சபைக்குள்ளை நாத்தத்தைக் கொண்டு வாறார்" என்று நக்கலடித்த அன்ரனிதாஸ்தான் கூட நேரம் பேசினார். கண்ணும் துடைத்தார். பிறகு உனக்கு மரியாதையாகக் கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். மரியாதையாம்! உன்ர திட்டத்தைத் தூக்கி அங்காலை போட்டுட்டு மரியாதையாம்!

ஒக்ரோபர் 10

நித்திரை வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். செத்தவனை மதிக்கிறதென்றால் அவன் கேட்டதைச் செய்யாமல் விடுகிறதோ? படித்தவர்களுக்குத்தான் விளங்கும் போல.

ஒக்ரோபர் 26

மழை. கிணற்றுத் தண்ணீர் மணக்கிறது. பக்கத்து வளவு மலக்கிடங்கு நிரம்பினால் முதலில் எங்கள் கிணறுதான் சொல்லும். இந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே எல்லாம் ஒரே தண்ணீர் என்று நீ சொல்லிச் சொல்லிக் களைத்தாய். இனிக் குடிக்கப் பவுசர் வண்டியில் வருகிற தண்ணீர்தான்.

வருடம் முடிய முதல், சபை சம்மதிக்காவிட்டால் திட்டத்துக்கு வந்த காசு வேறு ஊருக்குப் போய்விடுமாம். இன்னும் இரண்டு கூட்டம்தான் இருக்கிறது.

நொவெம்பர் 13

உன்ர மனுசி கிறேஸையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்ரனிதாஸ் எழும்பி, கட்டப்போகிற கழிவுநீர் நிலையத்துக்கு உன்ர பெயரை வைக்க வேண்டும் என்றார். "மலக்கழிவுக்கோ அந்த நல்ல மனிசன்ர பேர்? வாசிகசாலைக்கு வையுங்கோ" என்று இன்னொருவர் பாய்ந்தார். மத்தியானம் வரை பெயர்ச் சண்டை. குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் எழும்பிவிட்டேன். "பேர் ஒண்டும் வேண்டாம், குழாயைப் போடுங்கோ!"

"அக்கா, பாக்க வந்த ஆக்கள் கதைக்க ஏலாது. இருங்கோ" என்றார் தவிசாளர்.

கடைசியில், பெயரை ஆராய ஒரு குழு. குழு!

வரும் வழியில் கிறேஸ் அழுதாள். "மச்சாள், பள்ளிக்கூடத்திலை பிள்ளையைப் பகிடி பண்ணுவாங்கள். அவர்ர பேரை அதுக்கு வைக்க நான் விடமாட்டன்." அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவளோடு நான் எப்படிச் சண்டை பிடிக்கிறது?

நொவெம்பர் 20

அன்ரனிதாஸ் வீட்டுக்குப் போனேன். "பேர் முடிவாகாமல் திட்டத்தை எடுத்தால் சில்வெஸ்ரருக்கு அவமரியாதை, அக்கா. குடும்பம் ஓம் எண்டால் அடுத்த கூட்டத்திலையே முடிப்பம்."

"அவன் இருக்கேக்கை உந்த மரியாதை எங்கை போனது, தம்பி?" என்று கேட்டேன்.

என் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். "தேத்தண்ணிக்குச் சீனி காணாதோ, அக்கா?"

நொவெம்பர் 30

கிறேஸ் மாட்டேன் என்றுதான் நிற்கிறாள். ஓம் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை.

டிசெம்பர் 5

விடிய கிறேஸ் வாளியோடு வந்தாள், பவுசர் தண்ணீர் மிச்சம் இருக்கோ என்று. அவளுடைய கிணறும் மணக்கத் தொடங்கிவிட்டது. ஊற்றிக் கொடுத்தேன். போகாமல் நின்றாள்.

"சாப்பிடேக்கையும் மலக்கிடங்குக் கதைதான் கதைப்பார், மச்சாள். எத்தினை தரம் ஏசியிருப்பன்." மூக்கைத் துடைத்தாள். "பேரை வைக்கட்டும். பிள்ளைக்கு நான் சொல்லிக் குடுக்கிறன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அழுதோம்.

டிசெம்பர் 11

திட்டம் உன்ர பெயரோடு சபையில் நிறைவேறிவிட்டது. ஒருவரும் எதிர்க்கவில்லை. முதலில் உயர்ந்தது அன்ரனிதாஸின் கை.

வாசலில், "உங்கட தம்பி வெண்டிட்டார், அக்கா" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஓம் என்று தலையாட்டினேன். கிறேஸுக்குச் சந்தோசம். எனக்கும் சந்தோசம்தான் — பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவ்வளவு கையையும் ஒன்றாகப் பார்த்த நேரம் தொடக்கம் ஒன்றையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீயே உயிரோடை நிண்டு கேட்டிருந்தால் அந்தக் கையள் உயர்ந்திருக்குமோடா, குஞ்சு?