மூன்று திரையில் மூன்று அரக்கு

ஜூலை 3, 2025, வியாழன்

பழைய போனின் திரை போய்விட்டது. கடைக்காரர் கலியாணசுந்தரம் இரண்டு போன்களை அருகருகே வைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். எல்சிடி என்றால் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்குமாம், அதனால் கறுப்புகூடச் சாம்பலாகத்தான் தெரியும். அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். "பட்டு விக்கிறவங்களுக்கு இதான்மா லாயக்கு." வாங்கிவிட்டேன். பழைய சேலைப் படங்களை அதில் பார்த்து நானே மயங்கிப்போனேன்.

ஜூலை 7, திங்கள்

புனேயில் வேலை பார்க்கும் மஹாலட்சுமிக்கு ஆகஸ்ட் 29 அன்று வேலூரில் கல்யாணம். போன வருஷம் நான் விற்ற ஒரு அரக்குச் சேலையின் படத்தைக் காட்டி, முகூர்த்தத்துக்கு இதே நிறம் வேண்டும் என்கிறாள். சாயம் போடும் அர்ஜுனன் அண்ணன், மாதிரிக்கு ஒரு துண்டு நூல் கேட்டார். சேலையே விற்றுப் போய்விட்டது, நூலுக்கு எங்கே போவது? போனை நீட்டினேன். "நூலப் பாத்துதான்மா நூலுக்குக் கலர் போடுவேன். கண்ணாடியப் பாத்து எப்பிடிப் போடறது, இளவரசி?" என்று முரண்டு பிடித்தார். நூறு கோடி நிறம் காட்டும் திரை அண்ணே என்று நான்தான் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன்.

ஜூலை 12, சனி

நூல் வந்தது. போன் பக்கத்தில் வைத்தால் அச்சு அசல். என் வீட்டுக்காரர் விக்னேஷ் மட்டும் தறியில் உட்கார்ந்தபடியே, "அரக்கு கேட்டா குங்குமம் வந்திருக்குது" என்றார். குறை சொல்லாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது.

ஜூலை 19, சனி

தறியில் பாவு நூல் ஏற்றி ஒரு முழம் நெய்தாகிவிட்டது. மஹாலட்சுமிக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "அக்கா, இது செவப்பா இருக்குதே! நான் கேட்டது இது இல்லக்கா." உன் போன் எல்சிடிம்மா, அதில் அப்படித்தான் தெரியும் என்று அளந்துவிட்டேன். அவள் தோழியின் போனில் பார்த்தாள், ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சிவப்பாம். ஆனால் எதில் பார்த்தாலும் பழைய படமும் புதுப் படமும் ஒன்றாக இல்லையாம்.

புதுப் போனைத் தூக்கிப் பைக்குள் போட்டேன்.

மத்தியானம் கோபத்தோடு கடைக்குப் போனேன். கலியாணசுந்தரம் செட்டிங்கைத் திறந்து, "இது விவிட்ல இருக்குதும்மா. எல்லாக் கலரையும் தூக்கிக் காட்டும். கம்பெனிலேந்தே அப்பிடித்தான் வரும்" என்று 'நேச்சுரல்' என்பதைத் தொட்டார். ஒரே நொடி — பழைய படம் அடங்கி, கறுத்த அரக்காக நின்றது. அதுதான் அவள் கேட்டது. இத்தனை நாள் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? இதை முதல் நாளே சொல்ல இந்த மனுஷனுக்கு என்ன கேடு?

ஜூலை 20, ஞாயிறு

புதுப் படத்தில் நிறத்தைக் கொஞ்சம் அடக்கி அனுப்பினால் ஒத்துக்கொள்வாள். ஐந்து நிமிட வேலை. செய்தும் வைத்துவிட்டேன். விக்னேஷ் எட்டிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு போட்டோவையா கட்டிக்கினு மணையில உக்காரப் போவுது?"

எரிச்சலாக வருகிறது. அவர் சொல்வது சரி என்பதில் இன்னும் எரிச்சல்.

ஜூலை 21, திங்கள்

சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, உன் போன் மேல் பழி போட்டது அதைவிடத் தப்பு என்று. மஹாலட்சுமி அழுதாள். "அஞ்சு வாரம்தான்க்கா இருக்குது." நெய்த ஒரு முழத்தோடு பாவு நூலை அறுத்து இறக்கினோம். அறுத்த நூலை விக்னேஷ் பாட்டுக்குச் சுருட்டிக் கட்டினார். திட்டித் தொலைத்திருக்கலாம். அவருக்கும் சேர்த்து அர்ஜுனன் அண்ணன் திட்டினார். அவரிடமிருந்த நாலு விதமான அரக்கு நூலில் துண்டு வெட்டி, அட்டையில் சுற்றி, எண் போட்டு விரைவுத் தபாலில் புனேவுக்கு அனுப்பினேன்.

ஜூலை 26, சனி

மூன்றாம் எண்தான் என்று மஹாலட்சுமி சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சேலை பாதிகூட ஆகவில்லை. எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் விக்னேஷ் கத்துகிறார். கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடிக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சேலையை நானே வேலூருக்குக் கொண்டுபோய் அவள் அம்மாவிடம் கொடுத்தேன். படம் எடுக்கவில்லை. மஹாலட்சுமி புதன்கிழமைதான் ஊருக்கு வருகிறாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. கேட்கப் பயம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மண்டபத்தில் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. மேடைக்கு இரண்டு பக்கமும் சுவர் மாதிரி எல்இடி திரை. மஹாலட்சுமி மணையில் வந்து உட்கார்ந்ததும் அதில் சேலை — ஆரஞ்சு! பழுத்த பப்பாளி! பக்கத்து நாற்காலி அம்மாள், "இந்தக் கலரைப் போயி யாரும்மா எடுத்துக் குடுத்தாங்க?" என்று என்னிடமே கேட்டார்.

"நான்தாம்மா. தாலி கட்டட்டும், கிட்ட வந்து பாருங்க." தாலி கட்டி முடிந்ததும் அவர் கையைப் பிடித்து மேடை வரை இழுத்துக்கொண்டு போனேன். கிட்டே போனால், கறுத்த அரக்கு, பளிச்சென்று. மஹாலட்சுமி என்னைப் பார்த்ததும் மடியிலிருந்த சேலையைத் தடவிக் காட்டினாள். "இதான்க்கா நான் கேட்டது." கண் கலங்கியது எனக்கு, அவளுக்கில்லை.

கீழே இறங்கியதும் அந்த அம்மாள், "எம் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். நாலு போட்டோ அனுப்பும்மா, நம்பர் தரேன்" என்று போனை எடுத்தார்.

"நம்பர் இருக்கட்டும். வீட்டு விலாசம் சொல்லுங்க, நூல் அனுப்பறேன்" என்றேன்.