அன்று மூடுபனி இல்லை

அன்பு மகள் ஹேவொனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அப்பாவும் நலம், அவருடைய இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே பெர்கனில் நீயும் உன் இருமலும் எப்படி? வருஷம் முழுக்க மழை பெய்கிற ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு குடை பிடிக்க வெட்கமாக இருக்கிறது என்கிறாயே, நனைந்துபோய் நிற்க மட்டும் வெட்கமாக இல்லையா? சரி, அதை விடு. உன் பிறந்தநாள் அன்று அப்பா போன் செய்து ஒரு கதை சொல்லப் போகிறார். இப்போதே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். கதையில் மூடுபனி வருகிறது, வழி தெரியாமல் போகிறது, முப்பத்தெட்டு பேரை அவர் பத்திரமாக இறக்கிக் கொண்டுவருகிறார். அது வந்து சேருவதற்குள் நடந்தது உனக்குத் தெரிந்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் இந்த வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழும்.

மார்ச் முதல் ஞாயிறு மலைச்சாமி பூஜை. உனக்குத்தான் தெரியுமே, அதை ஒழுங்காகச் செய்தால்தான் வருஷம் முழுக்க மலையேற்றச் சங்கத்தில் யாருக்கும் கால் பிசகாது. பதினோரு வருஷத் தலைவர் அல்லவா, படையலுக்குப் பன்றித்தலை வாங்க இவரே சந்தைக்குப் போனார். சிரித்த முகமாக இருந்தால்தான் சாமிக்குப் பிடிக்கும் என்று ஐந்து கடை ஏறி இறங்கினார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இத்தனை நேரம் முகம் பார்க்கவில்லை. கொண்டுவந்த தலையோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. முதுகுப்பைக்குள் முழுசாக அடங்கவில்லை, மூக்கும் சிரிப்பும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் ஒரு கூடை அரிசிக் கொழுக்கட்டை அவித்துக் கட்டிக்கொடுத்தேன். எவரெஸ்டுக்குக் கிளம்புகிற மாதிரி உடுத்திக்கொண்டு முப்பத்தொன்பது பேரும் பருந்துப்பாறை மலைக்குப் போனார்கள். வெயில் பளீரென்று அடித்தது. தரையில் மட்டும் கணுக்கால் அளவு உருகாத உறைபனி, ஒற்றையடிப் பாதை ஒன்றும் தெரியவில்லை. இடி விழுந்து பிளந்த பைன் மரம் நிற்கிற கிளைப்பாதைக்கு வந்ததும் துணைத்தலைவர் தொக்பே, "தலைவரே, எதுக்கும் மேப்பை ஒரு தடவை பாத்துடலாமே" என்றிருக்கிறார். உன் அப்பா, "நம்ம ரிப்பன் கண்ணுக்கு எதிர்ல தொங்குது, மேப் எதுக்குய்யா மேப்?" என்று விசிலை ஊதிவிட்டு, கிளையில் தொங்கிய ரோஸ் ரிப்பன் வழியே இறங்கியிருக்கிறார். அது வழி காட்ட மரத்தில் கட்டுகிற சங்கத்து ரிப்பன்தான், சங்கத்தின் பேர்கூட அச்சடித்திருக்கிறது. அடுத்த ரிப்பன், அதற்கடுத்த ரிப்பன் என்று போனால் ஏழாவதில் முள்மரக் காடு. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கால்சட்டைகள் எல்லாம் கிழிந்தன. பொருளாளர் அம்மாவுக்கு எந்த இடத்தில் கிழிந்தது என்பதை எழுத மாட்டேன். திரும்பி ஏற முடியாத சரிவு என்பதால் சறுக்கிச் சறுக்கிக் கீழே இறங்கி, வேலியைத் தாண்டிக் குதித்து எல்லாரும் போய் நின்ற இடம் ஒரு பன்றிப் பண்ணை.

நினைத்துப் பார், முன்னூறு பன்றிகள் உயிரோடு நிற்கின்றன. எதிரே உன் அப்பா, அவர் முதுகில் அந்தச் சிரிப்பு. முதலில் ஒரு தாய்ப்பன்றி நிமிர்ந்து பார்த்ததாம், பிறகு ஊரே அதிருகிற மாதிரி எல்லாம் சேர்ந்து அலறினவாம். பண்ணைக்காரி ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்து, "அடப் பாவிங்களா, எம் பிள்ளைங்க கண்ணு முன்னாடியா அதைத் தூக்கிட்டு வருவீங்க? இன்னும் ஒரு வாரத்துக்கு ஒண்ணும் தீனி தின்னாதே!" என்று மண்வெட்டியை ஓங்கியிருக்கிறாள். இவர் தன் கோட்டைக் கழற்றிப் பன்றித்தலையை மூடிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கம்மா, மன்னிச்சுக்குங்க" என்று பன்றிகளுக்கும் சேர்த்துக் குனிந்தபடியே பின்னால் நடந்து வெளியேறியிருக்கிறார். கடைசியில் பூஜை நடந்தது பஸ் நிறுத்துகிற இடத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில். மறுநாளே செயலாளர் படியில் தடுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். சாமிக் குற்றம், தலைவரை மாற்றினால்தான் ஆச்சு என்று பேச்சு கிளம்பிவிட்டது.

மலைக்குப் போன அன்று சாயங்காலம் இவர் வந்து, பிளந்த பைன் மரத்திலிருந்து ரிப்பன் தொங்கியது என்று சொன்னதும் நான் திரும்பி நின்று, கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். ஏன் என்று கேட்கிறாயா? அவற்றைக் கட்டியது நான். முள்மரத்து நுனியில் வசந்தத்தில் துளிர்க்குமே தூருப், அந்தத் தளிரைக் கறிக்குப் பறிக்கிற என்னுடைய இடம் அங்கேதான் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக உன் அத்தை கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள், உன் அப்பாவுக்கும் சொன்னதில்லை, பெற்ற பெண் உனக்கும் சொன்னதில்லை. போன வசந்தத்தில் கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று இவருடைய மேஜை டிராயரிலிருந்து ஏழு ரிப்பனை எடுத்துக்கொண்டுபோய் வழிக்குக் கட்டினேன். பறித்த தளிரைப் பார்த்த சந்தோஷத்தில் அவிழ்க்க மறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அடுத்த நாளே ஊர் மொத்தமும் கூடையோடு அங்கே நிற்கும். அதனால் அதை மறைத்துக்கொண்டு, "மூடுபனியா இருந்திருக்குமோ என்னவோ" என்றேன். வெயிலில் மூக்குத் தோல் உரிந்து வந்து நிற்கிற மனிதரிடம் சொல்கிறேன்! அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை, ரிப்பனை இடம் மாற்றியது தொக்பேதான், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று அப்பா தனியாக மலைக்குப் போனார். போகும்போது வாய் ஓயவில்லை, திரும்பி வந்தபின் தொக்பே பேச்சையே எடுக்கவில்லை. சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து, "அன்னிக்கு மூடுபனி. தப்பு என்னோடது, வேற யாரையும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றிருக்கிறார். மூக்கு உரிந்த முப்பத்தெட்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். தலைவர் பதவியை விட்டு, விசிலைக் கழற்றி தொக்பேயிடம் கொடுத்துவிட்டு வந்தார். என்னைச் சாப்பிடக் கூப்பிடக்கூட அந்த விசிலைத்தான் ஊதுவார். எத்தனை தடவை அதைக் கிணற்றில் போடுகிறேன் என்று கத்தியிருப்பேன்! அது இல்லாமல் இரண்டு நாள் வீட்டில் சோறு இறங்கவில்லை எனக்கு.

திங்கட்கிழமை துணி துவைக்க அவர் மலைக்கால்சட்டைப் பையைத் துழாவினால் ஏழு ரிப்பன்கள். அவிழ்க்காமல், முடிச்சு கலையாமல் கத்தியால் வெட்டி எடுத்திருந்தார். சாப்பாட்டு மூட்டைக்குப் போடுவேனே, அந்த இரட்டை முடிச்சு. நாற்பது வருஷம் என் மூட்டையை அவிழ்த்துச் சாப்பிட்டவருக்கு அது யார் முடிச்சு என்று தெரியாதா? தெரிந்துதான் மூடுபனி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சோப்பு நுரையோடு அப்படியே உட்கார்ந்து அழுதேன் ஹேவொன். இத்தனை வருஷத்தில் அவரை இவ்வளவு பிடித்ததில்லை. இதையும் அவரிடம் சொல்லிவிடாதே, தலைக்கு ஏறிவிடும்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் சங்கத்து பஸ் கிளம்புகிற இடத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. ஏழு ரிப்பனையும் தூக்கிக் காட்டி, "இதைக் கட்டினது நான்தான். தூருப்புக்குக் கட்டினேன், அவிழ்க்க மறந்துட்டேன். இந்த மனுஷன் எனக்காகப் பழியைத் தலையில போட்டுக்கிட்டாரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கிழிந்த கால்சட்டைக்குத் திட்டுவார்கள் என்று பார்த்தால் தொக்பே, "அதெல்லாம் போகட்டும் அண்ணி, தூருப் ஏழாவது ரிப்பனுக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா?" என்றார். பஸ்ஸுக்கு வந்திருந்த மொத்தக் கூட்டமும் என்னைச் சுற்றி நெருங்கியது. செய்த குற்றத்துக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று நான் வாயைத் திறக்க, பின்னாலிருந்து உன் அப்பா, "நேரமாச்சு, என்ன வேடிக்கை? எல்லாரும் ஏறுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார். பதினோரு வருஷப் பழக்கம், முப்பத்தெட்டு பேரும் மறுபேச்சில்லாமல் ஏறிவிட்டார்கள். முதல் ஆளாக ஏறியது தொக்பே. ஏறினவர் சிரித்துக்கொண்டே இறங்கிவந்து விசிலை இவர் கழுத்தில் மாட்டினார்.

ஏப்ரலில் தொக்பேயும் இன்னும் ஆறு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் அந்த இடத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். ரிப்பன்தான் இல்லையே, சுற்றிச் சுற்றி மறுபடியும் பண்ணையில் போய் இறங்கியிருக்கிறார்கள். பண்ணைக்காரி இந்தத் தடவை வேலிக்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க, இன்னிக்குத் தலை இல்லையா?" என்று கேட்டாளாம். நானும் அப்பாவும் அதற்கு முந்தின நாளே போய் இரண்டு கூடை பறித்துவிட்டோம். அவர் முள் குத்திக் குத்திக் கத்தினாலும் விசில் ஊதவில்லை, அந்த மட்டும் புத்தி இருக்கிறது. உனக்கு சோயாவில் ஊறப்போட்டு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். எங்கே பறித்தது என்று கேட்காதே, நீ நான் பெற்ற பெண்தான், இருந்தாலும் கேட்காதே.

இருமலுக்குப் பேரிக்காயைத் தேனில் வேகவைத்துச் சாப்பிடு. குடை பிடி. ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு நன்றாக இரு, உன் கால் என்றைக்கும் பிசகாமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. சங்கத்துக்கே தெரிந்துவிட்டது, உனக்கு ஏன் மறைக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். "பொண்ணுகிட்ட சொல்லாத, ஆயுசு முழுக்க உன்னைக் கிண்டல் பண்ணுவா. மூடுபனின்னே இருக்கட்டும்" என்றார். ஆகவே அவர் போன் செய்து மூடுபனிக் கதையைத் தொடங்கினால், குறுக்கே பேசாமல் கடைசிவரை கேள். அன்றைக்கு எப்படி மூடுபனி தெரியுமா என்று கேட்பார். ஆமாம் அப்பா, கண்ணே தெரியாத மூடுபனி என்று சொல்லு.

இப்படிக்கு,
இரட்டை முடிச்சு போடுகிற உன் அம்மா
போக்சில்