பேடு மட்டும் மாற்றினால் போதும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. நலமா என்று முதலில் கேட்பது முறை; கேட்டுவிட்டேன். இங்கே நான் நலமாக இல்லை. காரணம் நம் தண்ணீர் கேன் வண்டி. இதோடு வந்திருக்கிற பொட்டலம் செங்கல் மாதிரி கனக்கிறதே என்று அவசரப்பட்டுப் பிரித்துவிடாதீர்கள். முதலில் கடிதத்தைப் படியுங்கள். போன் செய்தால் "நல்லா இருக்கேன் அத்தை, வண்டி ஓட்டிட்டு இருக்கேன், வைக்கட்டுமா" என்று ஒரே மூச்சில் என்னை முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தையும் பாதியில் மடித்து வைக்கலாம்தான். ஆனால் அது என் கண்ணுக்குத் தெரியாது, அந்த மட்டில் நிம்மதி.

நீங்கள் வெளியூர் கம்பெனி வேலைக்குப் போய் நான்கு மாதமாகிறது. வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். ஆள் வைத்துப் பார்க்காமல் இல்லை. முதலில் வந்தவருக்குக் காலை ஒன்பது மணிக்குத்தான் கண்ணே திறக்கும். அதற்குள் நம்மிடம் கேன் வாங்குகிற விடுதியின் வார்டன் தண்ணீர் கேட்டு எனக்குப் பத்துத் தடவை போன் போட்டுவிடுவார். அடுத்து வந்தவர் மூன்றாம் நாளே காணாமல் போய்விட்டார். போங்கள் ஐயா நீங்களும் உங்கள் டிரைவர் வேலையும் என்று, லைசென்ஸைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு நானே ஏறி உட்கார்ந்துவிட்டேன், ஐம்பத்தேழு வயதில். கேன் இறக்குகிறவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் இறங்குகிறார். நான் என்ன, விமானமா ஓட்டுகிறேன்?

சீட்டு வேறு தொல்லை. உங்கள் உயரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுப் போனீர்கள். என் கால் எட்டவில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஓட்டுகிறேன். சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளலாமே என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சீட்டுக்குக் கீழே இருக்கிற கம்பி அசைய மாட்டேன் என்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிரேக் பேடு.

இந்தப் பெயரைக் கேட்டதும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் படியுங்கள். நீங்கள் ஓட்டிய கடைசி எட்டு மாதத்தில் முன்சக்கரத்துப் பேடு நான்கு தடவை மாற்றினோம். ஒன்றரை வருஷமாவது வர வேண்டிய பொருள், நமக்கு மட்டும் இரண்டு மாதத்தில் கிறீச்சென்று கத்தும். மட்டமான பேடு என்றார்கள், நல்லதாக வாங்கினோம். பாரம் அதிகம் என்றார்கள், பத்து கேனைக் குறைத்தோம். விடுதிக்குப் போகிற இறக்கத்தைக் குறை சொன்னார்கள், அந்த வழியையே விட்டு ஊரைச் சுற்றிப் போனோம். எதற்கும் மசியவில்லை. கடைசியில் நம் ஷெட்டுக்காரர், அதுதான் எதைச் சொன்னாலும் "ஆகட்டும்மா" என்பாரே, அந்த ஆகட்டும் மெக்கானிக், ஓட்டுகிறவர் காலைப் பிரேக் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டினால் இப்படித் தேயும் என்று ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு ஷெட்டில் எல்லார் முன்னாலும் நான் பேசியது உங்களுக்கு மறந்திருக்காது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது எழுத வரவில்லை.

நீங்கள் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போன இரண்டாம் மாதம் வண்டி மறுபடி கத்தியது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீங்கள் தேய்த்து வைத்துவிட்டுப் போன மிச்சம் என்று சொன்னேன். புதுப் பேடு போட்டு ஒரு வாரத்தில் நீங்கள் கிளம்பினீர்கள், அப்புறம் என்ன மிச்சம் என்று உங்கள் மனைவி கேட்டாள். அவள் என்னிடம் கடைசியாக முழு வாக்கியமாகப் பேசியது அதுதான். அதற்குப் பிறகு எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதித்தான். போனில் வருகிற ஆர்டரைக் குறித்து மேஜையில் வைப்பாள்: பல் டாக்டர் 3, விடுதி 20, தையற்கடை 1. சில நாள் அதன் கீழேயே "சாப்பாடு மூடி வைத்திருக்கிறது" என்று இருக்கும். பெற்ற தாய்க்கும் தண்ணீர் கேனுக்கும் ஒரே சீட்டு.

சரி, இந்தத் தடவை யாரும் குறை சொல்ல முடியாதபடி ஓட்டிக்காட்டுகிறேன் பார் என்று வீம்புக்கு இறங்கினேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன். ரோட்டைப் பார்க்க வேண்டாம், என் காலையே பார்த்துக்கொண்டு வாருங்கள், பிரேக்கில் சும்மா பட்டால்கூடச் சொல்லுங்கள் என்று கேன் இறக்குகிறவருக்கு வேலை கொடுத்தேன். பாவம், இரண்டு மாதமாக மனுஷன் குனிந்தபடியே வந்தார். எப்படி என்று கேட்டால், "தொடவே இல்லம்மா. தொட வேண்டிய இடத்துலகூடத் தொடல" என்கிறார்.

இவ்வளவு செய்தும் போன வாரம் பல் டாக்டர் வாசலில் நிறுத்தும்போது கத்தியது பாருங்கள் ஒரு கத்தல்! உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தவர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

அன்றைக்கு ஆகட்டும் கடை பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் பாலத்துக்குக் கீழே இருக்கிற ஷெட்டுக்குப் போனேன். அந்த மெக்கானிக் இரண்டு முன்சக்கரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, யாரம்மா வண்டி ஓட்டுவது என்று கேட்டார். நான்தான் என்றேன். என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். எனக்குச் சுருக்கென்று வந்தது. என் காலைத்தான் சொல்லப்போகிறீர்கள் என்றால் வேண்டாம், அது தேறிவிட்டது, சாட்சி இருக்கிறது என்று படபடத்தேன். அவர் சிரித்துவிட்டார். இரண்டு பேடைக் கையில் கொடுத்தார். வலது சக்கரத்தில் இருந்ததில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இடது சக்கரத்தின் உள்பக்கத்தில் இருந்தது தகடு மட்டும்தான், மருந்துக்குக்கூட ஒன்றும் இல்லை. "பிரேக்கை மிதிச்சா ரெண்டு சக்கரத்துக்கும்தானே போகும்? உங்க கால் என்ன, சக்கரம் பார்த்தா மிதிக்கும்?" என்று கேட்டார்.

இரண்டு பேடையும் மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்தேன்.

அப்புறம் குனிந்து காட்டினார். பேடைப் பிடித்திருக்கிற இரும்பு, ‘பின்’ என்கிற இரண்டு ஆணி மேல் முன்னும் பின்னும் நகர வேண்டுமாம். இடது பக்கம் ரப்பர் மூடி கிழிந்து, தண்ணீர் இறங்கி, பின் துருவேறி இறுகிவிட்டது. காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு வருஷமாவது இருக்கும் என்றார். ஒவ்வொரு தடவை பேடு மாற்றும்போதும் பின்னைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைப்பது சாதாரண வேலை, அதை ஏன் யாருமே செய்யவில்லை என்று கேட்டார்.

அதைக் கேட்டதும் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மறுநாள் காலை முதல் வேலையாக ஆகட்டும் கடைக்குப் போய் ஒரு பிடி பிடித்தேன். நல்ல மனுஷன் மேல் பழி போட்டாயே, வாயில் வந்ததைச் சொல்லிக் குடும்பத்தையே பிரித்துவிட்டாயே என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "நீங்கதானேம்மா பக்கத்துலயே நின்னுக்கிட்டு, பேடு மட்டும் மாத்துங்க, வேற எதையும் தொடாதீங்கன்னு சொன்னீங்க? ரெண்டாவது தடவையே பின்னைப் பத்திச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திட்டீங்க. காலு விஷயம் நான் பொதுவாத்தான் சொன்னேன்."

சொன்னேன் மாப்பிள்ளை. ஒவ்வொரு தடவையும் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் நிற்காவிட்டால் மெக்கானிக்குகள் இல்லாத வேலையை இழுத்துவிடுவார்கள் என்பது என் கணக்கு. உங்கள் மாமா இருந்த காலத்திலிருந்து அப்படித்தான் நின்றிருக்கிறேன். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று உங்களிடமே சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் சொன்னீர்கள். வண்டி இடது பக்கம் இழுக்கிறது அத்தை, அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கிறது, ஒரு தடவை முழுசாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். ஒழுங்காக ஓட்டினால் இழுக்காது என்றேன்.

இப்போது, அன்றைக்கு ஆகட்டும் ஷெட்டில் நான் பேசியதை எழுதுகிறேன். வார்டனும் கேன் இறக்குகிறவரும் டீ கொண்டுவந்த பெண்ணும் நின்றுகொண்டிருந்தார்கள். "சொந்த வண்டியா இருந்தா இப்படித் தேய்ப்பீங்களா மாப்பிள்ளை? மாமியார் வீட்டு வண்டிதானே" என்றேன். உங்கள் மாமா போன பிறகு, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, நான் கேட்காமலேயே வந்து அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவர் நீங்கள். ஐந்து வருஷம் விடியற்காலையில் எழுந்து ஓட்டினீர்கள். உங்களைப் பார்த்து நான் கேட்ட கேள்வி அது. நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. பேசியிருக்கலாம். திருப்பிப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, சாயங்காலத்துக்குள் ஆறிப்போயிருக்கும். உங்கள் பொறுமை மேலேயும் எனக்குக் கோபம்தான், வேறென்ன!

பேடு இரண்டையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். உங்கள் மனைவி கையில் எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "இத என்கிட்ட ஏம்மா காட்டுறே? காட்ட வேண்டியவருக்குக் காட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சீட்டில் எழுதாமல் வாயால் பேசினாளே என்று சந்தோஷப்படுவதா, பேசியதற்காக அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பொட்டலத்தில் இருப்பவை அந்தப் பேடுகள்தான். எது இடது, எது வலது என்று சாக்பீஸால் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி அங்கே யாரிடமாவது சொல்லியிருந்தால், தாராளமாக எடுத்துக் காட்டுங்கள்.

அலமாரி மேலிருந்த பெட்டி கீழே இறங்கியிருக்கிறது. மாதக் கடைசியில் உங்களிடம் வந்துவிடுவதாக டிக்கெட் எடுத்துவிட்டாளாம். ஒரு அறையில் மூன்று பேராகத் தங்கியிருந்தவர், அவளுக்காகத் தனி வீடு பார்த்திருக்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அவளைத் தடுக்க இதை எழுதவில்லை. ஆனால் அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்குச் சீட்டு எழுதி வைக்கக்கூட ஆள் இல்லை. பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. இதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது.

வண்டிக்குப் புதுப் பின், புது ரப்பர், புதுப் பேடு எல்லாம் பாலத்தடி மெக்கானிக் போட்டுவிட்டார். தொட வேண்டியதையெல்லாம் தொடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் வெளியே போய் நின்றேன். இப்போது இடது பக்கம் இழுக்கவில்லை.

பொட்டலத்தின் அடியில் ஒரு படிவம் மடித்து வைத்திருக்கிறேன். வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுகிற படிவம். நான் போட வேண்டிய கையெழுத்தைப் போட்டுவிட்டேன். பென்சிலால் குறி வைத்திருக்கிற இரண்டு இடத்தில் நீங்கள் போட வேண்டும். போட்டுத் தபாலிலும் அனுப்பலாம், கையிலும் கொண்டுவரலாம். அங்கேயே இருப்பதென்று முடிவு செய்தால் வண்டியையும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகவும் உங்களிடம் சண்டைக்கு வரமாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தில் மாற்றுவதற்கான காரணம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு ஷெட்டில் பேசியதற்காக உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை அதில் எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த அம்மா படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இதெல்லாம் காரணத்தில் சேராதும்மா, அடித்துவிட்டு மருமகன் என்று எழுதுங்கள் என்றார். அப்படியே எழுதினேன். வேறு படிவம் தருகிறேன் என்றும் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். ஒரே ஒரு கோடுதான் அடித்திருக்கிறேன். அடித்தது நன்றாகத் தெரிகிறது. மேலே எழுதியிருப்பது அந்த ஆபீசுக்கு. அடித்ததைத்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

எங்கே இருந்தாலும் நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே கம்பெனி வண்டியிலும் இடது சக்கரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். யாராவது மேலே நின்று அதிகாரம் செய்தால், என்னிடம் சும்மா இருந்த மாதிரி இருந்துவிடாதீர்கள், திருப்பிப் பேசுங்கள்.

சீட்டுக் கம்பி நன்றாகவே அசைகிறது. நான்தான் நகர்த்தவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அத்தை