பியூவின் ரத்தம்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துவைத்த லோஞ்சி ஒன்றும் காயவில்லை, வீடெல்லாம் ஈர நாற்றம். பியூ இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டான். கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் ஏறவில்லை. ஒன்பது வருடமாக இந்த ஐந்து மாடிக்கும் என்னை இழுத்துக்கொண்டு ஏறுகிறவன். "சோம்பேறி, எழுந்திரு" என்று அதட்டினேன். வாலை ஒரு தட்டுத் தட்டினான், அவ்வளவுதான். அதட்டியிருக்க வேண்டாம்.

தூக்கிக்கொண்டு ஏறினேன். இடுப்பு போயிற்று. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறெல்லாம் வெள்ளை. பர்மியப் பேச்சில் பியூ என்றாலே வெள்ளைதான். ரோமத்தைப் பார்த்து வைத்த பெயர், ஈறைப் பார்த்து வைத்ததல்ல.

மமாவின் தீர்ப்பு: "மழைக்கு எல்லா நாயும் இப்படித்தான் கிடக்கும்." கோ வினை வளர்த்த அக்கா, அவர் சொன்னால் இந்த வீட்டில் மேல் கோர்ட்டு கிடையாது. கோ வின் போட்டாதாங் கிடங்கில் வேலை முடிந்து வந்தார், நாயைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் புருஷன் ஒன்றும் சொல்லாவிட்டால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம்.

சாயங்காலம் பால்கனியிலேயே சிறுநீர் போனான். கடுந்தேநீர் நிறம்.

ஜூன் 10, செவ்வாய்

கடைக்கு லீவு. முதலாளியிடம் எனக்குக் காய்ச்சல் என்றேன். நாய்க்கு என்றால் சிரிப்பான்.

பசுந்தாங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் நாய் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்னப் பெண். ஸயாமா என்று மரியாதை வைத்துக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது, என் மகள் இருந்திருந்தால் இந்த வயசுதான். கெட்டிக்காரி. முதலில் உண்ணிக் காய்ச்சலா என்று பார்த்தாள், இல்லை. பிறகு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி ரொம்ப நேரம் பார்த்தாள். ர.அ. (ரத்த அளவு, இனி இப்படியே எழுதுகிறேன்) நாற்பதுக்கு மேல் இருக்க வேண்டியது பதினாறு.

வெளியிலிருந்து எதுவும் வரவில்லையாம். பியூவின் உடம்பே பியூவின் ரத்தத்தை எதிரி என்று நினைத்துக்கொண்டு அழிக்கிறதாம். காக்க வேண்டிய காவல்காரர்கள் வீட்டுக்காரனையே அடிக்கிறார்கள் என்றாள். இந்த ஊரில் அதை யாருக்கும் இரண்டு தடவை விளக்க வேண்டாம்.

- ஸ்டீராய்டு மாத்திரை, காலை மாலை, வயிறு நிறைய வைத்து
- வயிற்றுக்கு ஒரு மாத்திரை
- வெங்காயம், பூண்டு வாசனையே கூடாது
- படி ஏறவே கூடாது
- இன்னொரு மருந்து பாங்காக்கிலிருந்து வரவேண்டும், எப்போது என்று தெரியாது

வெங்காயம் போடாத குழம்பை மமா வைப்பதா? உலகம் அழிந்தாலும் நடக்காது. நாய்க்கு நானே தனியாக ஆக்குகிறேன்.

ஜூன் 12, வியாழன்

கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் இல்லை. பியூவுக்கோ ஸ்டீராய்டால் அடங்காத தாகம். குடம் குடமாய்க் குடிக்கிறான், குடம் குடமாய்ப் போகிறான். கோ வினின் பழைய லோஞ்சியைத் தூளி மாதிரி கட்டி, ஆளுக்கொரு முனை பிடித்து இறக்குகிறோம். மூன்றாம் மாடிக்காரர் கதவைத் திறந்து, "யாருக்கு உடம்பு சரியில்லே, மமாவுக்கா?" என்றார். மேலே வாசலில் நின்ற மமா காதில் விழுந்துவிட்டது. அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் சிரித்தேன்.

ர.அ. பன்னிரண்டு. கண்ணும் மஞ்சள். நாளைக்குள் வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டும், பெரிய, ஆரோக்கியமான நாயாகக் கொண்டுவாருங்கள் என்றாள் ஸயாமா. நாய்க்கு ரத்த வங்கி ஏது? லத்தா பேட்டையில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ரத்தமா? நாய்க்கா? ஊர்ல மனுஷனுக்கே கெடைக்க மாட்டேங்குது செல்வி. மாரியம்மன் துன்னூறு இருக்கு, பூசி வுடு. அவ பாத்துக்குவா." துன்னூறு வந்தது. பூசினேன். பியூ அதையும் நக்கிவிட்டான்.

மமாவுக்குத்தான் யோசனை வந்தது. "பொங்ஜி மடத்திலே இல்லாத நாயா? ஊரே அங்கேதானே கொண்டுபோய் விடுது."

ஜூன் 13, வெள்ளி

காலையிலேயே மமாவும் நானும் பிக்குகள் மடத்துக்கு. மடத்துத் தலைவர் ஸயாடோ பெரியவர், வெற்றிலை வாய். முழுக்கக் கேட்டார். ஐந்து சீலத்தில் இரண்டாவது என்ன என்று மமாவைப் பார்த்துக் கேட்டார். "தராத பொருளை எடுக்கக் கூடாது, பயா." "அப்போ ரத்தத்தை மட்டும் கேக்காம எடுக்கலாமா?" மமாவுக்கு முகம் செத்துவிட்டது.

பெரியவரே எழுந்துபோய், மடத்து நாய்களில் தடியன் ஒருவன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "டேய், இந்தம்மா வீட்டிலே ஒருத்தன் சாகக் கிடக்கிறான். கொஞ்சம் ரத்தம் குடுக்கிறியா?" தடியன் அவர் கையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான். "குடுக்கிறானாம். கூட்டிக்கிட்டுப் போங்க." சிரிக்காமல் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ரத்தம் ஒத்துப்போனது. தடியன் கழுத்திலிருந்து எடுத்தார்கள், மகராசன் முனகக்கூட இல்லை. துளித்துளியாய் பியூவுக்குள் இறங்கியது. அங்கேயே மமா தண்ணீர் வார்த்து, புண்ணியமெல்லாம் தடியனுக்கே சேரட்டும் என்று வேண்டினார். ஸயாமா, கம்பவுண்டர், நான், எல்லாரும் "தாது, தாது, தாது" என்றோம். நம்மூர்க் கோயிலில் அரோகரா மாதிரி அது. எனக்கும் வாய் பழகிப்போய் ரொம்ப வருடமாகிறது.

ஜூன் 15, ஞாயிறு

ர.அ. இருபத்து நான்கு. மழை விட்டு வெயில். ஈறில் ரோஜா நிறம், என் கண்ணுக்குத்தானோ என்று கோ வினையும் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆமா" என்றார். பிறகு திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தார்.

கோழி ஈரல் அவித்துப் போட்டேன். தட்டையும் நக்கி, தரையையும் நக்கினான். கீழே பழக்காரி வண்டி. கயிற்றில் பையைக் கட்டி இறக்கி மங்குஸ்தான் வாங்கினேன். கயிற்றில் கட்டிய மணி அடித்ததும் பியூ தலையைத் தூக்கிக் குரைத்தான். ஒரே ஒரு குரைப்பு. மமா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

பிழைத்துக்கொள்வான் என்று இன்று முழுக்க நம்பினேன். எழுதிவைக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

எல்லாம் போயிற்று. காலையில் வாந்தி. மலம் தார் மாதிரி கறுப்பு. ர.அ. பதினான்கு.

"மாத்திரை தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா?" என்றாள் ஸயாமா. சத்தியமாக இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவும்போது அடியில் பழுப்பு நிறத் தூள். மோந்தவுடன் தெரிந்துவிட்டது. த்வேசே. ரத்த மருந்து. இங்கே பெண்கள் வயதுக்கு வந்த நாளிலிருந்து மாதாமாதம் சாப்பிடுகிற நாட்டு மருந்து, எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இருக்கும்.

மமா மறைக்கவில்லை. "ஆமா, ஈரல்ல கலந்து குடுத்தேன். ரத்தம் இல்லேன்னா ரத்த மருந்துதானே குடுக்கணும்?"

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"கரு கலைஞ்சு நீ ரத்தம் ரத்தமாப் போய்க் கிடந்தப்போ இதைத்தானே குடுத்தேன். எந்த டாக்டரைக் கேட்டேன்? எழுந்து நடந்தியா இல்லியா?"

எழுந்து நடந்தேன்தான். அதனால்தான் வாய் அப்படிப் போயிற்று. நாலாங்கிளாஸ் தாண்டாத ஆளிடம் ஒரு உயிரை விட்டது என் தப்பு, நீங்கள்தான் அவனைக் கொல்லுகிறீர்கள் என்றேன். பர்மியப் பேச்சில் அதைச் சொன்னால் தமிழைவிட மோசமாக இருக்கிறது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஸயாமாவுக்குப் போன் செய்தேன். அந்தத் தூளால் வயிறு புண்ணாகியிருக்கலாம், ஸ்டீராய்டாலும் ஆகியிருக்கலாம், நோயே இப்படித்தான் திரும்பும், சொல்ல முடியாது என்றாள். சொல்ல முடியாதாம். அதற்குள் நான் சொல்லிவிட்டேனே.

ஜூன் 18, புதன்

மமா பேசவில்லை. நானும் பேசவில்லை. கோ வின் இரண்டு பேரிடமும் வானிலை பேசுகிறார். இன்றைய குழம்பில் வெங்காயம் இல்லை. வாயில் வைக்க முடியவில்லை. மூன்று பேரும் தட்டைக் காலி செய்தோம்.

பியூ தண்ணீரும் குடிக்கவில்லை. ஊசி மருந்துதான்.

ஜூன் 20, வெள்ளி

பேய்மழை. நேற்றிலிருந்து மூச்சு ஒருமாதிரி. படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் உட்கார்ந்தே இருக்கிறான். தூக்கத்தில் தலை சாயும், விழப்போய் விழித்துக்கொள்வான், மறுபடி உட்காருவான். பார்க்கச் சகிக்கவில்லை.

நுரையீரலில் ரத்தம் கட்டியிருக்கிறதாம். திரும்ப ரத்தம் ஏற்றினாலும் நிற்காது என்றாள் ஸயாமா. கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு: "ஊசி ஒண்ணு இருக்கு, வலிக்காது. இங்கே யாரும் கேக்கறதில்லே. நானாகச் சொல்லவும் மாட்டேன். வீட்டுக்காரங்க வாயால சொன்னாப் போடறேன்."

வீட்டில் பேச்சு. அதைப் பேச்சு என்று சொல்ல முடியுமா. மமா மணியை உருட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம். கோ வின் தரையைப் பார்த்துக்கொண்டு, "உயிரைக் கொல்லாதேங்கறது முதல் சீலம். என்னாலே வாய் திறந்து சொல்ல முடியாது" என்றார். சரி, புரிகிறது. பிறகு மெதுவாக: "நீ சொல்லலாமே. நீ இந்து. உனக்குச் சீலம் கிடையாதே."

பயத்தில் சொன்னார், தெரியும். நல்ல மனிதர், அதுவும் தெரியும். ஆனாலும் உடம்பெல்லாம் எரிந்தது. இருபத்தாறு வருடம் பொங்ஜிக்குச் சோறு போட்ட கை இது. தெருவில் நம் பெண்களைக் கலாமா, கலாமா என்பான்கள், இந்தியக்காரியாம். இந்த வீட்டுக்குள் ஒருநாளும் அந்தச் சொல் வந்ததில்லை. இன்றும் அவர் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்குத்தான் நான் இந்த வீட்டில் கலாமா ஆனேன்.

எங்களுக்கு மட்டும் பாவம் இல்லையா? சித்திரகுப்தன் என்ன லீவிலா இருக்கிறான்? அண்ணனைக் கேட்டேன். "பைரவர் வாகனம் செல்வி அது. நம்ம கையால வேணாம். அதுவாப் போவட்டும்." அதுவாகப் போகட்டும், அதுவாகப் போகட்டும். அதுவாகப் போகிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நாளை நானே சொல்கிறேன் என்று முடிவு. கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் சொல்லிப் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கியம்தானே.

ஜூன் 21, சனி

காலை. மழை இல்லை, புழுக்கம். மூன்று பேருமாய்த் தூளியில் இறக்கினோம். மமா வருவார் என்று நினைக்கவில்லை. வெளிர்பழுப்பு மேலாடை, விரத நாளில் பகோடாவுக்குப் போகும்போது போடுவது.

மேசையில் படுக்க வைத்ததும் மூச்சுக்குத் திணறி எழுந்திருக்கப் பார்த்தான். நான் தாங்கிக்கொண்டேன். "யார் சொல்றீங்க?" என்றாள் ஸயாமா. கோ வின் சுவரைப் பார்த்தார்.

எனக்கு வாய் வரவில்லை. பாவம் புண்ணியம் ஒன்றும் அப்போது நினைவில் இல்லை. அவன் காது என் கையில் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

"ஸயாமா, போடுங்க." மமா. கோயிலில் சீலம் வாங்கும்போது சொல்வதுபோல உரக்க, ஒவ்வொரு சொல்லாக, தன் பெயரையும் சேர்த்து. "சொல்றது நான். டோ கின். இவங்க ரெண்டு பேரும் சொல்லலே. எல்லாரும் கேட்டுக்குங்க."

தான் பிறந்த நாளிலிருந்து அடுத்த பிறவிக்காகப் புண்ணியம் சேர்த்துக்கொண்டிருக்கிற மனுஷி. விரத நாளில் கொசுவைக்கூட ஊதித்தான் விடுவார். அவர்தான் பியூவின் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார். கோ வின் அழுத சத்தம் இதுவரை நான் கேட்டதில்லை, இன்று கேட்டேன். பியூ சாய்ந்தான். இரண்டு நாளுக்குப் பிறகு படுத்தான்.

மடத்துக் கொல்லையில் மாமரத்தடியில் புதைத்தோம். ஸயாடோ ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மமா புத்தர் மாடத்துப் பக்கம் போகவில்லை. நேரே சமையலறை. தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார், கேட்டாரா இல்லையா தெரியவில்லை.

"நான்தான் சொல்லியிருக்கணும் மமா."

"நீ சொல்லியிருந்தா, அந்தக் கலாமாதான் கொன்னான்னு இந்தத் தெருவே ஆயுசுக்கும் சொல்லும்." இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு: "கோபம் வந்தா நானும் சொல்லியிருப்பேன்."

வெங்காயம் எரிந்தது. இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினோம்.

"இனிமே எனக்கு நாய்ப் பிறப்புத்தான்" என்றார். "வேற எங்கே போறது, உன் வீட்டுக்கே வந்துடறேன் செல்வி. மாத்திரை மட்டும் குடுக்காதே."

"குடுப்பேன்" என்றேன்.